பரணுக்குப் போன விதைப் பானைகள்

என்னை அழைத்தது ஒரு கழிவறை நாற்காலிக்காக. "அம்மா இனி நடக்கப் போவதில்லை. கட்டிலை ஒட்டிப் போட எந்த மாதிரி நாற்காலி வாங்கலாம் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் தொலைபேசியில் மகன். 2023 டிசம்பர் கடைசி வாரம். பாப்பாரப்பட்டியைத் தாண்டி உள்ளே பிரியும் ஒரு மண்சாலை. அதன் கோடியில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு, அதை ஒட்டிப் புதிதாக எழுப்பிய கான்கிரீட் வீடு. ஆயா படுத்திருந்தது புது வீட்டின் பின்னறையில். பனி என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

நான் இயன்முறை சிகிச்சை செய்பவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீடுகளுக்கே போய்ப் பார்ப்பது தொழில். இந்த வழக்கம் இப்போது ஊர்களுக்குப் பழகிவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தின் தன்னார்வலப் பெண் மாதந்தோறும் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் வீடு இது. என் எண்ணைக் கொடுத்தவரும் அவர்தான்.

பெயரும் ஊரும் இல்லாமல் எழுதிக்கொள் என்று ஆயா சொல்லிவிட்டார். "பேர் போட்டால் விதை கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள்" என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்துக்குள்தான் இந்த நிகழ்வு முழுவதும் இருக்கிறது.

ஆதாரில் 83, அணைக்கணக்கில் 90

ஆதார் அட்டையில் பிறந்த தேதி 01.01.1941. எங்கள் பக்கத்துக் கிழவர்களில் பாதிப் பேர் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள். பதிவு செய்தவர் கை ஓய்ந்த இடம் அது. வயது தெரியாமல் உடலை அளந்தால் அளவுக்குப் பொருள் இல்லை. எனவே பழைய முறைக்குப் போனேன். ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணுவது.

கிருஷ்ணகிரி அணை 1957இல் காமராஜர் திறந்துவைத்தது. அதன் வேலையில் ஆயாவும் அவர் கணவரும் மண் சுமந்திருக்கிறார்கள். "அப்போது உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று காதுக்குள் கத்தினேன். பெரிய பெண் நடந்துகொண்டிருந்தாள், பையன் தூளியில் கிடந்தான் என்றார். தூளியில் கிடந்த அந்தப் பையன்தான் என்னை நாற்காலிக்காக அழைத்தவர். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து 58 வயதில் ஓய்வுபெற்றவர். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த ஆண்டு 1956. பூப்பெய்தி இரண்டு ஆண்டில் கல்யாணம், கல்யாணமாகி மூன்றாம் ஆண்டு மூத்தவள் என்று ஆயா விரல் மடக்கியதை எல்லாம் சேர்த்தால் 1934ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். ஓராண்டு முன்பின் இருக்கலாம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. முதுமையைப் பற்றிய அதிசயக் கதைகளில் பாதி, பிறப்புப் பதிவேடு சரியில்லாத இடங்களிலிருந்து வருபவை. நூறு வயதைத் தாண்டியவர்கள் மிகுதி என்று பெயர்பெற்ற ஊர்களில் பதிவுகளும் மோசமாக இருப்பதைக் காட்டிய சால் நியூமன் என்ற ஆய்வாளருக்கு 2024இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்கவைத்துவிட்டுப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. நம் ஆயாவின் கணக்கில் பிழை மறுபக்கம்: அரசாங்கம் அவரை ஏழு வயது இளையவராக ஆக்கிவைத்திருக்கிறது.

எப்படிப் படுக்கையானார்

ஐப்பசி மழையில் மாட்டுக்கொட்டகை வாசற்படியில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. இடுப்பில் வீக்கமும் வலியும் மட்டும். பார்த்த மருத்துவமனையில் "வயதாகிவிட்டது, படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குடும்பம் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டது. ஏழு வாரம்.

அந்த ஏழு வாரத்தில் ஒவ்வொன்றாக அவர் கையைவிட்டுப் போனவற்றை மருமகள் என்னிடம் மறைக்காமல் சொன்னார். பால் கறப்பது முதலில் போனது. பிறகு அடுப்படி. பழைய வீட்டில் தனியே படுப்பது ஆபத்து என்று புது வீட்டுக்கு மாற்றினார்கள். கடைசியாக, பழைய வீட்டுச் சுவரோரம் வரிசையாக இருந்த விதைப் பானைகள் காலில் தட்டுகின்றன என்று பரணுக்கு ஏறின. "அத்தையைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். பொய்யில்லை. புண் ஒன்றுகூட இல்லாமல், துணி நாற்றமில்லாமல் வைத்திருந்தார். ஆனால் குழந்தையை யாரும் ஏழு வாரம் படுக்கவைப்பதில்லை. கொஞ்சம் தவழ்ந்தாலே ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிறார்கள்.

படுக்கை தசைக்குச் செய்வது என்ன என்பதைத் தெளிவாக அளந்திருக்கிறார்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி வயது 67 உள்ள, நோய் எதுவும் இல்லாத 12 பேரைப் பத்து நாள் படுக்கவைத்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்தது. நம் ஆயாவுக்குத் தொண்ணூறு வயது, படுத்தது நாற்பத்தொன்பது நாள்.

மூன்று திரைகள்

குடும்பம் சொன்ன குறைகள்: நடக்கவில்லை, பேச்சுக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், பகலெல்லாம் தூங்கி இரவில் முனகுகிறார், எதிலும் நாட்டமில்லை. "மறதிநோய்தானே?" என்று மகன் கேட்டார். அப்படியும் இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த முடிவுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய சாதாரண விஷயங்கள் சில உண்டு.

முதுகுப் பக்கம் ஒரு கை தூரத்தில் நின்று முணுமுணுத்தேன். இரண்டு காதிலும் எதுவும் விழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் இரு காதும் குறும்பியால் அடைத்துக் கிடந்தன. சம்பந்தமில்லாத பதிலுக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருந்தது: கேள்வி போய்ச் சேரவேயில்லை. வலது கண்ணில் புரை முற்றி வெளுத்திருந்தது, இடது கண் பரவாயில்லை. மூன்றாவதாக, தலைமாட்டில் ஒரு மாத்திரை அட்டை. அரிப்புக்கு என்று கடையில் வாங்கி இரவுதோறும் கொடுத்துவந்த ஃபெனிரமைன். நன்றாகத் தூங்குகிறாரே என்று நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். இந்த வகைப் பழைய ஒவ்வாமை மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். வாய் உலரும், சிறுநீர் அடைக்கும். அரிப்புக்கோ தேங்காயெண்ணெயே போதுமானதாக இருந்தது, பனிக்கால வறட்சிதான்.

முதுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூன் என்றார்கள். தொட்டுப் பார்த்தால் வயதுக் கூன் போலத் தெரியவில்லை. பலகை மாதிரி விறைத்திருந்தது. கழுத்தைத் திருப்ப உடம்போடு திரும்பினார். தர்மபுரியில் வேலை செய்பவனுக்கு இது புதிதல்ல. இங்கே பாறையில் இருக்கும் ஃபுளோரைடு கிணற்றுநீரிலும் ஆழ்துளைக் கிணற்றுநீரிலும் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு முதலில் பல்லில் பழுப்புக் கறை வரும், பிறகு மூட்டும் முதுகெலும்புத் தசைநார்களும் சுண்ணமேறி இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று சேர்த்திருப்பது இதனால்தான். 2013இல் அந்தத் தண்ணீர் வந்தபோது ஆயாவுக்கு எண்பது நெருங்கியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவரும் தசைநார் சுண்ணமேற்றத்தைச் சுட்டிக்காட்டினார். இது திரும்பாது. எனவே நிமிர்ந்து நடக்கவைப்பதை நான் இலக்காக வைக்கவில்லை. குனிந்தபடியே விழாமல் நடந்தால் போதும்.

ஊர் மொழியில் இவை அத்தனைக்கும் ஒரே பெயர்: வயசு. காது அடைப்பு வயசு, மாத்திரை மயக்கம் வயசு, தண்ணீரின் விஷம் வயசு. இப்படி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பரணில் போடும் பழக்கத்தைத்தான் இந்த ஆயாவிடம் நான் அவிழ்க்க நேர்ந்தது.

காதில் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, ஒரு வாரம் கழித்துக் காது மருத்துவரிடம் கூட்டிப்போய் எடுத்தார்கள். மாத்திரையை மருத்துவரைக் கேட்டு நிறுத்தினோம். கண்ணுக்கு ஆயா ஒப்பவில்லை. "ஒரு கண் போதும், பார்த்ததே ஏராளம்" என்றுவிட்டார்.

நான் சறுக்கிய இடம்

முதல் இரண்டு வாரம் செய்ததை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எல்லாருக்கும் கொடுக்கும் பயிற்சித்தாளை இங்கேயும் கொடுத்தேன். படுத்தபடி காலைத் தூக்குவது பத்து முறை, பாதத்தை ஆட்டுவது இருபது முறை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது பத்து முறை. மருமகள் அந்தத் தாளை மஞ்சள் தடவிச் சுவரில் ஒட்டினார். ஆயா செய்யவில்லை. காது திறந்த பிறகு முதன்முதலாக என்னிடம் முழு வாக்கியமாகச் சொன்னது இதுதான்: "சும்மா காலை ஆட்டிக்கொண்டிருக்க எனக்கென்ன பைத்தியமா, சாமி?"

மகன் சோர்ந்துபோனார். "தொண்ணூறு வயதில் தசை ஊறுமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். ஊறும் என்று சொன்னேன். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அந்த வயதுத் தசையும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பதை அன்றே நிறுவிவிட்டார்கள். எனக்குச் சிக்கல் அதற்கு முன்படியில் இருந்தது: ஆயா என் பேச்சைக் கேட்கவில்லை.

மகன் விடவில்லை. "இந்த வயதில் அம்மா எழுந்து என்ன சாதிக்கப் போகிறார்?" எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 80 வயதில், 1959இல், புதிதாக ஒரு கட்சியையே தொடங்கினார். 83 வயதில் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்தார். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கியவர், 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இதையெல்லாம் அடுக்கினேன். அடுக்கியது தவறு. "அவர்கள் வரம் வாங்கி வந்தவர்கள், ஐயா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உதாரண புருஷர்களால் வரும் கெடுதல் இது. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவர்களே சாக்கு ஆகிவிடுகிறார்கள்.

அதியமான் ஊர்க்காரர்கள் நாங்கள். நீண்ட ஆயுள் என்றதும் நெல்லிக்கனியைச் சொல்வோம். யாரோ கொடுக்க வேண்டும், வாங்கிச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பு அதிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. நெல்லிக்கனி வாங்கிய ஔவைதான் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், படைக்கலக் கொட்டிலில் நின்று அவனை நையாண்டி செய்தவள் என்பதை விழா மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஒரு பிடி அவரை

மூன்றாவது வாரம், பொங்கல் கழிந்த மறுநாள். நான் போனபோது மருமகள் பரணிலிருந்து ஒரு பானையை இறக்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவரை விதை. மாவாக உதிர்ந்தது, வண்டு விழுந்திருந்தது. எறியப் போனவரை நிறுத்தி, ஒரு பிடியை எடுத்துப்போய் ஆயாவின் உள்ளங்கையில் வைத்தேன். எந்தத் திட்டமும் இல்லை, சும்மா.

கை மூடியது. பிறகு கட்டைவிரல் வேலை செய்ய ஆரம்பித்தது. ஒவ்வொரு விதையாக நகர்த்தி, நகத்தை அதன் முதுகில் ஓட்டினார். சிலவற்றில் நகம் நின்றது. வண்டு ஒட்டிவிட்டுப் போகும் முட்டை, வெள்ளைப் பொட்டு மாதிரி இருக்கும்; எனக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரிந்தது, அவர் நகத்துக்குத் தெரிந்தது. ஊசித்துளை விழுந்தவற்றை மடியில் ஒதுக்கினார். முழுசாக இருந்த ஒன்றை வாயில் போட்டு, எஞ்சியிருந்த கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்தார். 'கடக்' என்று ஒலித்தது. "காய்ச்சல் சரியாகத்தான் இருக்கிறது. சாம்பல் போடாமல் யார் பரணில் ஏற்றியது?" என்றார்.

அறையில் இருந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "மற்றதெல்லாம் எங்கே?" என்று அடுத்த கேள்வி. எங்கே என்று கேட்டபடியே காலைக் கீழே இறக்கிவிட்டார். இரண்டு வாரம் நான் கெஞ்சியும் நடக்காதது.

மொத்தம் பதினான்கு வகை. அவரையில் மூன்று, ராகியில் இரண்டு, சாமை, கம்பு, துவரை, கொள்ளு, காராமணி, சுரை, பீர்க்கு, பூசணி, புளிச்சைக் கீரை. சிறு விதைகள் சுரைக்குடுக்கையில், மற்றவை மண்பானையில். சுற்றியுள்ள நான்கைந்து ஊர்ப் பெண்கள் ராகிக் கொல்லையில் ஊடுபயிர் போட ஆடிக்கு முன்னால் இவரிடம்தான் வருவார்களாம். ஒரு படி வாங்கினால் அறுப்பு முடிந்து ஒன்றரைப் படி திருப்ப வேண்டும். அந்த வட்டிக் கணக்கு முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது. எட்டுப் பானை தப்பியிருந்தது. ஆறு வகை பரணிலேயே செத்துப்போனது.

அதற்குப் பிறகு என் சிகிச்சைக் குறிப்பேட்டைத் திருத்தி எழுதினேன். முழங்கால் நீட்டும் பயிற்சிக்குப் பதில், முறத்தில் புடைப்பது. உட்கார்ந்த நிலையில் முதுகுக்கும் தோளுக்கும் அது போதும். உட்கார்ந்து எழும் பயிற்சிக்குப் பதில், சுவர்ப்பலகையை இடுப்பு உயரத்துக்கு மேல் அடித்து, பானைகளை அதில் வைத்தோம். ஒவ்வொரு விதையையும் பார்க்க எழுந்துதான் ஆக வேண்டும். தரையில் வைத்தால் வசதி என்று மருமகள் சொன்னார், நான் விடவில்லை. நடைக்குப் பதில், கொட்டகை அடுப்பிலிருந்து சாம்பல் கொண்டுவருவது. முதலில் வாக்கரில் போனார்; அதில் ஒரு பையைத் தொங்கவிட்டோம். பழைய வீட்டுக்கே படுக்கையை மாற்றினோம், வாசற்படியில் கைப்பிடிக் கம்பி ஒன்று வைத்து. கழிவறை நாற்காலி வாங்கவில்லை.

இதற்கு முன்னோடி ஓர் ஆய்வு இருப்பது பிறகு நினைவுக்கு வந்தது. 1976இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் லேங்கர், ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் செய்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களுக்குச் செடி ஒன்றைக் கொடுத்து, இதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இன்னொரு தளத்தில் செடியைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம், இரண்டாவதில் 30. எண்ணிக்கை சிறியது, அந்த இறப்புக் கணக்கை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எனக்கு அந்தச் செவிலியர்தான் கண்ணில் நிற்கிறார், கையில் தண்ணீர்க் குவளையோடு, எங்கள் ஊர் மருமகள்களைப் போல அன்பாக.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிழவர்களை வேலை செய்யவிடுங்கள் என்று நான் பொதுவாகச் சொல்லவில்லை. முதியோர் ஓய்வூதியம் (2024இல் மாதம் 1,200 ரூபாய்) போதாமல் எழுபது வயதில் சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களை இந்த மாவட்டத்தில் தினமும் பார்க்கிறேன். பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட, ஆடும் பேரப்பிள்ளையும் இவர்கள் தலையில். அவர்களுக்குத் தேவை ஓய்வு. இந்த ஆயாவிடமிருந்து பிடுங்கப்பட்டது வேறு வகை வேலை: அவர் இல்லாவிட்டால் ஊரில் நடக்காத வேலை.

சித்திரையில் ஒரு சறுக்கல்

பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு கைத்தடியோடு நடந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 24 விநாடி. தொடக்கத்தில் இந்தச் சோதனையை எடுக்கவே முடியவில்லை. முதன்முதல் எடுத்தபோது வாக்கரோடு 48 விநாடி. மாசியில் கண்ணுக்கும் ஒப்புக்கொண்டார். ராகியில் கலந்த களைவிதையைத் தனியே பிரிக்க முடியாததுதான் காரணம், நான் சொன்னது எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில் புரை எடுத்து வந்த மறுவாரமே பேத்தியின் சேலை நிறத்தைக் குறை சொன்னாராம்.

சித்திரை வெயிலில் ஒருநாள் திடீரென்று பிதற்ற ஆரம்பித்தார். இறந்துபோன கணவரைக் கூப்பிட்டார், பானையை அடையாளம் தெரியவில்லை. மறதிநோய் திரும்பிவிட்டது என்று வீடே அழுதது. நன்றாக இருந்த முதியவர் ஒரே நாளில் குழம்பினால் அதை மறதிநோய் என்று எண்ணக் கூடாது. உடம்பில் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வரும், இது மணிக்கணக்கில் வரும். அன்றே மருத்துவரிடம் போகச் சொன்னேன். சிறுநீர்த் தொற்றும் நீர்ச்சத்துக் குறைவும். ஐந்தாம் நாள் தெளிந்து, பானைகளை யாராவது தொட்டீர்களா என்று விசாரித்தார்.

காதுக்கருவிதான் தோல்வி. குறும்பி எடுத்த பிறகும் செவித்திறன் குறைவு இருந்ததால் ஒன்று வாங்கிக்கொடுத்தோம். விசிலடிக்கிறது என்று கழற்றி வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் செவித்திறன் குறைவு முக்கியமானது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொல்கிறது, 2024 அறிக்கையில் பார்வைக் குறைவையும் சேர்த்துக்கொண்டது என்றெல்லாம் மகனிடம் விளக்கினேன். ஆயாவுக்கு அவையெல்லாம் வெற்றிலைப் பெட்டியை எட்டவில்லை. விதை வாங்க வருபவர்கள் வரும் நாளில் மட்டும் மாட்டிக்கொள்கிறார், படிக்கணக்கில் ஏமாற்றிவிடுவார்களாம்.

மூன்று பானைப் போட்டி

என்னை உண்மையில் அசத்தியது நடையைவிட இதுதான். மாசியில் புது அவரை வந்தபோது, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "எங்கள் அம்மா சாம்பல் போட மாட்டார், ஆயா. நொச்சி இலைதான்." ஆயாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எழுபது ஆண்டாகச் சாம்பல் போட்டவர் "அதெல்லாம் சரிவராது" என்று தள்ளிவிட்டிருக்கலாம். பார்த்துவிடுவோம் என்றார்.

ஒரே கொல்லையின் ஒரே அவரை. மூன்று சிறு பானைகள். ஒன்றில் சலித்த சாம்பல். ஒன்றில் செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்திய விதை. ஒன்றில் நொச்சி இலை. பானை வாயில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று பொட்டு. சாம்பல் விதைகளின் இடைவெளியை அடைத்து வண்டை நகரவிடாது, அதன் மேல்தோலைத் தேய்த்து உலரவைக்கும். செம்மண் பூச்சின் மேல் முட்டை ஒட்டாது. இந்த விளக்கத்தை நான் படித்துச் சொன்னபோது, "அது எப்படியோ இருக்கட்டும், முளைக்கிறதா என்பதுதான் கேள்வி" என்றார்.

ஆனி கடைசியில் நனைத்த சாக்கைத் தரையில் விரித்து, பானைக்கு இருபது விதையாக வரிசை வைத்து, சுருட்டி, கொட்டகை ஓரத்தில் நிழலில் வைத்தார். நான்காம் நாள் பிரித்தார்கள். எண்ணி எழுதும் வேலை மகனுக்கு. நடத்துநராக இருந்த காலத்து வழக்கப்படி கோடு கிழித்துக் கட்டம் போட்டு, அடியில் கூட்டுத்தொகை எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். சாம்பல் 17. செம்மண் 18. நொச்சி 11.

"அப்படியானால் செம்மண்தான் முதலிடம்" என்றேன் நான். ஆயா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "ஒரு விதை கூடக்குறைய இருப்பது விதையின் குணம், பானையின் குணம் இல்லை, சாமி. சாம்பலும் செம்மண்ணும் ஒன்றுதான்." புள்ளியியல் வகுப்பில் நான் இரண்டு முறை தோற்ற பாடம் அது. நொச்சியை அவர் அதோடு விட்டுவிடவும் இல்லை. இலை வெயிலில் காய்ந்து காரம் போயிருக்கும், நிழலில் உலர்த்தி இன்னொரு பானை போட வேண்டும் என்றார். தன்னார்வலப் பெண்ணின் அம்மாவுக்கு ஆள் அனுப்பி, அவர் எப்படி உலர்த்துகிறார் என்று கேட்டுவரச் சொன்னார்.

இவற்றில் எது ஆயாவை எழுப்பியது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. காது திறந்தது, மாத்திரை நின்றது, விதை கைக்கு வந்தது எல்லாம் மூன்று வாரத்துக்குள் நடந்தவை. மூன்று பானை வைத்து ஒப்பிட்ட ஆயாவின் சோதனை என் சிகிச்சையைவிட ஒழுங்கானது. ஆனால் முதல் இரண்டும் நடந்த பிறகும் அவர் படுத்தேதான் இருந்தார் என்பது என் குறிப்பேட்டில் இருக்கிறது.

2024 ஆடியில் கடைசி அளவெடுக்கப் போனேன். முப்பது விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்பது: ஐந்து. தொண்ணூற்றைத் தாண்டிய பெண்களுக்கு நான்குக்குக் கீழே போனால்தான் கவலை. எழுந்து நடந்து திரும்பும் சோதனை: 19 விநாடி. 12ஐத் தாண்டினால் விழும் ஆபத்து என்பது கணக்கு. ஆகவே கம்பியும் தடியும் இருக்கட்டும் என்று சொன்னேன். ஆயாவின் கவனம் என் கையில் இருந்த நிறுத்துக் கடிகாரத்தில். அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டார். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மகனைக் காட்டி, "இவனை ஓட்டிப் பார்" என்றார்.

மகன் சிரித்துக்கொண்டே எழுந்தார். எழும்போது இரண்டு கையையும் ஊன்றினார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, ஓய்வுபெற்ற பத்து ஆண்டில் வளர்ந்த தொந்தி. கடிகாரத்தை ஆயாவே அழுத்தினார். பதினான்கு விநாடி.

"அவன் பேரையும் எழுதிக்கொள்" என்றார் என்னிடம். மகனிடம், கொல்லைக்குப் போகிற விதைக் கூடையைத் தூக்கச் சொன்னார். மறுவாரத்திலிருந்து அந்த வீட்டில் எனக்கு இரண்டு பேர்.